தண்ணீர்க் கூண்டு

மருந்தியல் கல்லூரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கிடங்குக்கும் நடுவில் எலி ரூம் இருந்தது. கதவின் மேல் நீளமாக வேறொரு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை. அந்த அறையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. வாட்ச்மேனிலிருந்து பிரின்ஸிபால் வரைக்கும் அவள் எலியக்கா.

அவள் வேலைக்குச் சேர்ந்ததென்னவோ தரை துடைக்கத்தான். சேர்ந்த மூன்றாம் மாதம், மாணவர்கள் கூண்டைச் சரியாக மூடாமல் விட்டு, பதினெட்டு வெள்ளைச் சுண்டெலிகள் லேப் முழுக்க ஓடின. மாணவர்கள் ஸ்டூல் மேல் ஏறி நின்றார்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்க வந்த சாரும் ஏறி நின்றார். இவள் துடைக்கிற வாளியைத் தரையில் சாய்த்துப் போட்டு, உள்ளே பிஸ்கட் தூளைத் தூவிவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்றாள். அரை மணி நேரத்தில் பதினேழு எலி வாளிக்குள் இருந்தது. பதினெட்டாவது அவள் மடியில் இருந்தது. அடுத்த வாரமே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு எலி ரூம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

எலியைத் தூக்க எல்லோரும் வாலைப் பிடிப்பார்கள். அவள் பிடிக்க மாட்டாள். கூண்டுக்குள் கையை விட்டு, மரத்தூளோடு மரத்தூளாக உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். அதுவாக மோந்து பார்த்து, அதுவாக ஏறும். ஏறியதும் கையைக் கிண்ணம் மாதிரி குவித்துத் தூக்குவாள். அந்தக் கைக்குள் எலி துள்ளி யாரும் பார்த்ததில்லை.

ஸ்டூல் மேல் ஏறின அந்த சாருக்கு மட்டும் எலி பயம் கடைசிவரை போகவில்லை. வலிக்கும் தூக்கத்துக்குமான மருந்துகளில் ஊறினவர். வகுப்பில் நின்றால் மணிக்கணக்காகப் பேசுவார். எலியைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். ஒருதரம் கடி வாங்கியிருக்கிறார், அதனால்தான் என்பார்கள். எப்படியோ, அவருடைய சோதனை எதுவானாலும் எலியைப் பிடிப்பது இவள், ஸ்டாப்வாட்சைப் பிடிப்பது அவர். இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதாக இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லிக்கொண்டதே கிடையாது.

அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. உள்ளே ஒரு மிஷின், ஒரு பலகை, ஆணியில் தொங்கும் அளவு நாடா. பேச்சில் மன்னன். போன வருஷம் அவருக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் இருபது நாளில் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. முதுகிலிருந்து மார்பு வரைக்கும் கொள்ளிக்கட்டையால் கோடு போட்ட மாதிரி எரியும். காற்று பட்டால் எரியும், துணி பட்டால் உயிர் போகும். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவர், தன் மேல் ஒரு சட்டை போட முடியாமல் இடது பக்கம் துணி படாதபடி துண்டை வலது தோளில் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவனாவது கேட்டா என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்பாள்.

"வெயில்னு சொல்றேன். மழை பெஞ்ச அன்னிக்குக் கேட்டான் ஒருத்தன். அவனுக்கும் வெயில்னுதான் சொன்னேன்."

தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் கண் செருகிப்போய் காலர் கோணலாக வந்தது. போடாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார். அவள் அவரைத் தொடுவதையே விட்டுவிட்டாள். எங்கே கை பட்டு வலிக்குமோ என்று, சாப்பாட்டுத் தட்டைக்கூட நீட்டித்தான் வைப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் சார் அந்தக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தார். வேலியோரம் எங்கே பார்த்தாலும் படர்ந்து கிடக்கிற கொடிதான். ஊருக்கு ஒரு பேர் சொல்வார்கள். பல்வலிக்கு மெல்லுவார்கள், மூட்டுவலிக்கு அரைத்துப் போடுவார்கள், தூக்கம் வராதவர்கள் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். காலங்காலமாக நடக்கிறது. உண்மையிலேயே கேட்கிறதா, கேட்டால் எவ்வளவுக்குக் கேட்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்கலாம் என்று சார் அனுமதி வாங்கியிருந்தார். இலையை நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, ஊறவைத்து வடித்து, வற்றவைத்ததில் தார் மாதிரி கெட்டியாக ஒன்று வந்தது. அதைப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

நாலு கூண்டு. கூண்டுக்கு ஆறு எலி. முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு, வலியைக் குறைக்கும் என்று முன்பே தெரிந்த ஒரு மருந்து. மூன்றாவதற்குக் கொடிச்சாறு கொஞ்சம், நாலாவதற்கு அதிகம். கொடுத்து முக்கால் மணி கழித்து ஒவ்வொன்றாகச் சூடு தட்டின் மேல் விடவேண்டும். கையை வைத்தால் நாம் வெடுக்கென்று எடுத்துவிடுகிற அளவு சூடு. எலி முன்காலைத் தூக்கி நக்கினால் சுடுகிறது என்று அர்த்தம். உடனே எடுத்துவிடவேண்டும். எத்தனை வினாடி தாங்கியது என்று சார் எழுதுவார். பதினைந்து வினாடிக்கு மேல் எதையும் விடக்கூடாது. அவர் விடமாட்டார். விட்டுவிடுவாரோ என்று இவள் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"வெறும் தண்ணி குடுக்கறதுக்கு எதுக்கு சார் ஒரு கூண்டு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஒப்பிட்டுப் பாக்கணும்ல. மருந்தே இல்லன்னா எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சாத்தானே, மருந்து குடுத்தா எவ்வளவு கூடுதுன்னு சொல்ல முடியும்?"

அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் மனசு ஆறவில்லை. மற்ற மூன்று கூண்டுக்கும் ஏதோ ஒன்று உள்ளே போகிறது. இந்த ஆறுக்கும் பச்சைத் தண்ணீர். சூடு மட்டும் எல்லாருக்கும் ஒரே சூடு. இதென்ன நியாயம் என்று நினைத்தாள். சோதனை நாட்களில் அரை மணி முன்னாடியே வந்தாள். தண்ணீர்க் கூண்டு எலிகளை ஒன்றொன்றாக எடுத்து, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தரை துடைத்தாள். பிறகு உள்ளங்கையில் வைத்து, ஒற்றை விரலால் பிடரியிலிருந்து முதுகு வரைக்கும் தடவிக்கொடுத்தாள். "கொஞ்ச நேரந்தான் கண்ணு. நீ கால் தூக்கினதும் அண்ணன் எடுத்துருவேன்" என்று தன்னைத்தானே அண்ணனாக்கிப் பேசினாள். ஏன் அக்கா இல்லாமல் அண்ணன் என்று அவளுக்கே தெரியாது. சார் வரும்போது எலிகள் கூண்டில் கண்ணை மூடிக் கிடக்கும். இவள் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பாள்.

அவள் வேண்டுமென்று யாரையும் ஏமாற்றவில்லை. தடவிக்கொடுப்பதும் ஒரு மருந்து என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் ஓடியது. சாருடைய முகம் வாரத்துக்கு வாரம் வாடியது. தண்ணீர்க் கூண்டு எலிகள் நாலு, ஐந்து வினாடியில் காலைத் தூக்கியிருக்க வேண்டும். அவை ஒன்பது, பத்து என்று நின்றன. கொடிச்சாறு கொஞ்சம் குடித்தவையும் அவ்வளவுதான் நின்றன. தட்டின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்டாப்வாட்சை மாற்றினார். தண்ணீரைக்கூட வேறு இடத்திலிருந்து கொண்டுவரச் சொன்னார்.

"அந்தத் தண்ணியில எதையாவது கலந்து தொலைச்சிருக்காங்களா?" என்று தலையைச் சொறிந்தார்.

"நான்தான் சார் பிடிச்சேன். குழாத் தண்ணிதான்."

"அப்ப இந்த எலிங்களுக்கு என்ன கேடு?"

தன் பிள்ளைகளைக் குறை சொன்னதைப்போல அவள் முகம் சுருங்கியது.

அந்த வாரம் வீட்டுக்காரருக்கு வலி உச்சத்துக்குப் போனது. குளிக்கத் தண்ணீர் ஊற்றியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சாயங்காலம் நாத்தனார் போனில் வந்தாள்.

"ஏன் அண்ணி, பித்தளைக் கடையில வேலை பாத்துக்கிட்டு தகரக் குவளையில குடிக்கிறீங்களா? அந்தக் கொடியத்தானே உங்க காலேஜ்ல ஆராயறாங்க? எங்க மாமனார் மூட்டுவலிக்கு அதைத்தான் குடிச்சாரு. ஒரு கை இலையப் போட்டுக் கொதிக்க வைங்க. அண்ணன் பாவம்."

சாரிடம் அவள் ஏற்கனவே ஒருதரம் கேட்டிருந்தாள். மனுஷர்களுக்கு எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் விஷம் என்று இன்னும் தெரியாது, அதுவரை வாயில் வைக்கவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை அவள் தொடவில்லை. ஆனால் கொடி ஜெனரேட்டர் ஷெட்டின் பின்சுவரிலும் படர்ந்திருந்தது. சுவரில் படர்ந்ததைப் பறிக்க யாரைக் கேட்கவேண்டும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் போகிறபோக்கில் ஒரு பை நிறையப் பறித்து வந்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் காலையில் கொதிக்க வைத்தாள். வீட்டுக்காரர் தம்ளரை வாங்கி மோந்து பார்த்தார்.

"இது உன் எலி குடிக்கிறதுதானே?"

"ஆமா."

"குடிச்சிட்டு என்ன சொல்லுது?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்லுது. குடிங்க."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எட்டு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தார். எட்டே காலுக்கு வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றது. அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். மாசக்கணக்கில் இப்படி நெற்றியில் கோடில்லாமல் அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். அசையவில்லை. தோளைத் தட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

கல்லூரிக்குப் போன் செய்து, "இன்னிக்கு வரமுடியாது, வீட்டுக்காரருக்கு முடியல" என்று மட்டும் சொன்னாள். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எலிகளுக்குச் செய்வதையெல்லாம் புருஷனுக்குச் செய்தாள். மூச்சை எண்ணினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலை நகத்தால் கீறி, கால் இழுக்கிறதா என்று பார்த்தாள். பத்து மணிவரை இழுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக்கொண்டாள். பத்தரைக்கு மறுபடி கீறினாள். கால் வெடுக்கென்று இழுத்தது. "யாருடா அது" என்று கண்ணைத் திறக்காமலே ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் திட்டி அவளுக்கு அவ்வளவு நிம்மதி கிடைத்ததில்லை. அப்படியே அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு மேல் எழுந்தார். "கடை திறந்தாச்சா?" என்று கேட்டார். நாக்கு குழறியது. நாலு மணிக்குள் விலா பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது.

அதே நாளில் கல்லூரியில் இன்னொன்று நடந்தது. சோதனையை நிறுத்த முடியாமல், எலி பிடிக்க வேதியியல் லேபில் குடுவை கழுவுகிறவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. வாலைப் பிடித்துத் தூக்கி, தட்டில் பொத்தென்று விட்டிருக்கிறார். தண்ணீர்க் கூண்டு எலிகள் நாலாவது வினாடியில் காலைத் தூக்கிவிட்டன. ஒன்று மூன்றிலேயே தூக்கிவிட்டது.

மறுநாள் அவள் வந்தபோது சார் மேஜை மேல் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, நான் வர்றதுக்கு முன்னால தண்ணிக் கூண்ட என்ன பண்றீங்க?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மறைக்கத் தெரியவில்லை.

"ஒண்ணும் பண்ணல சார். கையில வச்சுக்குவேன். தடவிக்குடுப்பேன். அதுகளுக்கு மட்டும் ஒண்ணுமே குடுக்கலயே, அதான்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"மத்த கூண்டு?"

"அதுகளுக்குத்தான் மருந்து இருக்கே சார்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். வேலை போய்விடும் என்றும் நினைத்தாள். அவர் பரப்பியிருந்த தாள்களை ஒன்றாக அடுக்கினார்.

"பயந்த எலிக்குச் சீக்கிரம் சுடும். சாந்தமா இருக்கற எலி கூடக் கொஞ்சம் தாங்கும். புஸ்தகத்திலேயே இருக்கு. நான் பாடமே எடுத்திருக்கேன்" என்றார். "ரெண்டு மாசமா என் கொடிய உங்க கையோட போட்டி போட விட்டிருக்கேன்."

"தப்புத்தான் சார்."

"எல்லாத்தையும் மறுபடி செய்யணும். புதுசா இருபத்துநாலு எலி."

அதுவரை தாங்கியவளுக்கு அந்த எண்ணிக்கையைத் தாங்க முடியவில்லை. ஆறு எலிக்கு இரக்கப்பட்டு இன்னும் இருபத்துநாலைச் சூட்டில் ஏற்றப்போகிறாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிலையிலேயே, இதையும் சொல்லிவிடலாம் என்று கஷாயக் கதையையும் சொன்னாள்.

அப்போதுதான் சாருக்குக் கோபம் வந்தது.

"எலி போனா ஒரு வரி எழுதி வைப்பேன். அவருக்கு ஏதாவது ஆயிருந்தா யார் எழுதறது? எவ்வளவு இலை போட்டீங்க? ஏற்கனவே போடற மாத்திரையும் தூக்க மாத்திரைதானே? ரெண்டும் சேர்ந்தா மூச்சே நின்னிருக்கும்." தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு தணிந்து, "வலி குறைஞ்சுதா?" என்று கேட்டார்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "குறையல சார். தூங்கிட்டாரு. வலிக்குதுன்னு சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான். முழிச்சதும் அது அங்கயேதான் இருந்துச்சு."

சார் பேனாவை எடுத்தார். எதையோ எழுதிக் கீழே கோடு போட்டார். "இதைத்தான் நான் எலிங்ககிட்டயும் கேக்கணும்" என்றார்.

அந்த வாரமே தன்னோடு படித்த ஒரு வலி மருத்துவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடிக் கடைசியில் அவருடைய அறை. அந்த டாக்டர் வீட்டுக்காரரை முதலில் பேசவிட்டார். அவருக்கு அதுவே பாதி வைத்தியம். அக்கி போன பிறகும் நரம்பு கத்திக்கொண்டே இருக்கும், அதற்கென்று தனி மாத்திரை உண்டு, சட்டென்று கேட்காது, பொறுக்கவேண்டும் என்றார். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் கொடுத்தார். துணி உரசாமலிருக்க மெல்லிய பருத்தியைத் தையல் வெளியே வருகிற மாதிரி போட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே ஒன்று தைத்தார். உள்பக்கம் வெளியே இருந்த அந்தச் சட்டையில் பட்டன் துளைத் தையல்கூட உடம்பில் உறுத்தவில்லை. "புது மோஸ்தர்னு சொல்லிட்டேன். ஒருத்தன் எனக்கும் இதே மாதிரின்னு கேக்கறான்" என்று அவளிடம் சொன்னார்.

களிம்பு போட அவரால் முதுகுப் பக்கம் எட்டவில்லை. அவள்தான் போட்டாள். முதல் நாள் உள்ளங்கையை விலாவுக்கு ஒரு விரல் தள்ளி வைத்துக்கொண்டு, தொடாமல் காத்திருந்தாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டார். விலா தானாக வந்து கையில் பட்டது. "ம், போடு" என்றார்.

புது எலிகள் வந்தன. இந்தத் தடவை எந்தக் கூண்டுக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. பக்கத்துத் துறை மேடம் மருந்துகளுக்கும் கூண்டுகளுக்கும் நிறத்தாள் ஒட்டி, விவரத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார். எல்லா எலியையும் அவளே எடுக்கவேண்டும், எல்லாவற்றையும் இருபது எண்ணும்வரை கையில் வைத்திருக்கவேண்டும், அதற்குமேல் ஒரு எண்கூடக் கூடாது. சார் சொன்னதும் தலையாட்டினாள். ஆனால் முதல் நாள் மஞ்சள் தாள் கூண்டிலிருந்து ஒன்று நாலே வினாடியில் காலைத் தூக்கியபோது, அதுதான் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்ததை எடுத்துக் கையில் வைத்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. விரல் பிடரிப் பக்கம் போயிற்று. அதை மடக்கிக்கொண்டாள். தட்டின் மேல் விட்டாள். கால் தூக்கிய கணத்தில் எடுத்துவிட்டாள். சார் எழுதி முடிப்பதற்குள் அது கூண்டில் இருந்தது. அப்படியே ஆறு வாரம் செய்தாள். வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரம் பேசமாட்டாள். வீட்டுக்காரரும் அந்த ஒரு மணி நேரம் கேள்வி கேட்கமாட்டார்.

கடைசியாக ஒரு சோதனை சேர்ந்தது. அவள் சொன்னதை வைத்துச் சார் சேர்த்தது. மெதுவாகச் சுழலும் ஒரு கம்பி. அதன் மேல் எலியை விட்டால் தெளிவாக இருக்கிற எலி நடந்துகொண்டே இருக்கும். மயங்கின எலி கீழே விரித்த பஞ்சில் விழும்.

உறையைப் பிரித்த அன்று சார் அவளையும் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவள் உட்கார்ந்தாள்.

"கொடி கேக்குது அக்கா. அதிகம் குடுத்த கூண்டு எட்டு, எட்டரை வினாடி தாங்கியிருக்கு. தெரிஞ்ச மருந்து அளவுக்கு இல்ல. கொஞ்சமா குடுத்ததுல ஒண்ணும் பெருசா இல்ல."

"கம்பி?"

"அதிகம் குடுத்ததுல ஆறுல நாலு கம்பிலேருந்து விழுந்துருச்சு."

"அப்ப அதுகளுக்கும் வலி போகல, தூக்கந்தான்னு சொல்லலாமா?"

"சொல்ல முடியாது. வலியும் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கணும். சாறுல என்னென்னவோ இருக்கும், அதுல எது எதைப் பண்ணுதுன்னு பாக்கணும். மனுஷங்க கிட்ட வர்றதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம். வராமலேகூடப் போகலாம்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் தாளுக்கு நேரே ஆறு எண்கள் இருந்தன. நாலு, ஐந்து, நாலு, நாலு, ஐந்து, மூன்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"இது நம்பறாப்புல இருக்கு சார்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நேரே கடைக்குப் போனாள். வீட்டுக்காரர் பலகையில் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. எரிச்சல் பாதிக்கு வந்திருந்தது. மீதிப் பாதி போகாமலே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டரை வினாடி, ஆறில் நாலு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"நான் குடிச்சதையும் எழுதியிருக்காரா?" என்று கேட்டார்.

"கேட்டேன். அதைச் சேக்க முடியாதாம்."

"ஏன், நான் காலை இழுக்கலயா?"

"இழுத்தீங்க. ஆனா திட்டினீங்க. எலி திட்டாதாம்."

அவர் சிரித்தார். சிரிப்பு விலாவில் இழுத்தது போலும், பாதியில் நிறுத்தி இடது கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டார். அவள் எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். வலி ஏறி, நின்று, இறங்கியது. அவர் சாக்கட்டியைத் தேடினார். அது தரையில் உருண்டிருந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொடுத்தாள்.

"கை அளவு சரியா வரல. இந்த முனையப் பிடி" என்று அளவு நாடாவை நீட்டினார்.

அவள் பிடித்துக்கொண்டாள்.